கழுதைக்காகக் கொடுத்த சான்றிதழ்

எங்கள் நில அளவைக் கந்தோரின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பிள்ளைகள், "உங்கட சேவைக்காலத்தில செய்த பெரிய சாதனை ஒண்டை எழுதுங்கோ அக்கா, கூடவே ஒரு படமும் தாங்கோ" என்றார்கள். முப்பத்துநான்கு வருடங்கள் மன்னாரில் அளவைக் கருவிகளைத் துடைத்து, திருத்தி, சோதித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பியவள் நான். சாதனை என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அலுமாரியைக் குடைந்து, துப்பாக்கியில் குறி பார்க்கும் துவக்கு ஸ்கோப் ஒன்றுக்கு நான் கொடுத்த சோதனைச் சான்றிதழின் பிரதியை எடுத்துக் கொடுத்தேன்.

போன கிழமை அச்சுக்குப் போகும் பக்கத்தை ஃபோனில் அனுப்பினார்கள். பார்த்தால், என் சான்றிதழ் கல்யாணப் பெண் மாதிரிப் பளபளக்கிறது. நடுவில் நான் போட்டிருந்த கோட்டைக் காணவில்லை. கோட்டுக்கு மேலே நான் எழுதியதையும் காணவில்லை. இன்னும் கீழே வேறொருவர் போட்ட சின்னக் கோட்டையும், அதன் பக்கத்தில் இருந்த இரண்டு எழுத்தையும் காணவில்லை. உடனே ஃபோன் எடுத்தேன்.

"அதைக் கம்பியூட்டரில கிளீன் பண்ணினனாங்கள் அக்கா. நடுவில வெட்டிக் கிடந்தது. கீழயும் ஏதோ மை பட்டிருந்தது" என்றாள் மலர்க்குழுப் பிள்ளை, நான் நன்றி சொல்வேன் என்ற நம்பிக்கையில்.

பிள்ளை அழித்தது கோட்டை. கோட்டுக்குக் கீழே கிடந்த பிழை இப்போது தலை நிமிர்ந்து, மெய் மாதிரி நிற்கிறது. ஆகையால் சாதனையை விட்டுவிட்டு, அந்தக் கோடு ஏன் அங்கே இருக்க வேண்டும் என்பதையே எழுதுகிறேன். இதில் ஒரு கழுதையும் வருகிறது. கந்தோர் மலரில் கழுதை வரலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். மன்னாரில் கழுதை வராத இடம் எது?

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் ஆறு மாதம். மூன்றாம் மாதம் சிங்களம் பிடிபட்டது, ஆறாம் மாதம் திருகாணி பிடிபட்டது. திரும்பி வந்து கருவி அறையின் சாவியை வாங்கியவள், ஓய்வு பெறும் நாளில்தான் அதைக் கீழே வைத்தேன்.

எங்கள் மேலதிகாரி சந்தியாப்பிள்ளை சேர். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனை. இரண்டும் ஒரே நிறம். அவருடைய காலத்தில் எங்கள் கந்தோரில் அழிறப்பர் வைத்திருப்பது கள்ளச் சாராயம் வைத்திருப்பதற்குச் சமம். அளவுப் புத்தகத்தில் பிழையாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, மேலே கிறுக்கக் கூடாது, தாளைக் கிழிக்கவே கூடாது. ஒரேயொரு கோடு. கோட்டுக்குக் கீழே பழையது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மேலே சரியானதை எழுத வேண்டும். பக்கத்தில், பிழை யாருடையதோ அவர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். மற்றவர் போட முடியாது. பிழைக்குச் சொந்தக்காரர்தான் போட வேண்டும்.

"ஏன் சேர் இவ்வளவு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நாளைக்கு வாறவனுக்கு, நாங்கள் எங்க பிழை விட்டனாங்கள் எண்டு தெரிய வேணும்" என்றார்.

அவர் யாரையும் பார்த்துப் பிழை என்று சொன்னதில்லை. "திரும்பப் பாருங்கோ" என்பார். அவ்வளவுதான். சரியாகச் செய்து கொண்டுபோனாலும் சில நாட்களில் அதையே சொல்வார். நாங்கள் திரும்ப ஓடுவோம், வெயிலில் காய்ந்து திரும்ப அளப்போம், அதே எண்ணோடு வருவோம். "ம்" என்று வாங்கி வைப்பார். அந்த மனிதருடைய அளவுப் புத்தகங்களில் ஒரு கோடுகூடக் கிடையாது என்பது கந்தோரில் எல்லோருக்கும் தெரியும். நானே திருட்டுத்தனமாக இரண்டு மத்தியானம் இருந்து புரட்டிப் பார்த்திருக்கிறேன். உண்மைதான். எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருந்தபோது டொக்டர் கஜன் வந்தார். நறுவிலிக்குளத்து வயற்காரக் குடும்பத்துப் பிள்ளை, எங்கள் பக்கத்துக்குப் புதிதாக வந்த மிருக வைத்தியர். கையில் நீளமான ஒரு பெட்டி. காயப்பட்ட கழுதைகளையும் மாடுகளையும் தூரத்தில் நின்றே மயக்குவதற்கு ஊசி எறியும் துவக்கு ஒன்றை எங்கிருந்தோ இரவல் வாங்கியிருந்தார். அதன் மேல் ஒரு ஸ்கோப். குறி பார்க்கும் குழாய்க் கண்ணாடி.

"அன்ரி, இந்த ஸ்கோப்பை நம்பலாமோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. ஊசி கொஞ்சம் மாறிப் பட்டாலும் எலும்பிலையோ வயித்திலையோ ஏறிப்போடும்."

நான் பெட்டியைத் திறப்பதற்குள் சந்தியாப்பிள்ளை சேர் வாசலில் நின்றார்.

"துவக்கு உள்ள வராது."

"சேர், இது மருந்து அடிக்கிற..."

"எதை அடிச்சாலும் துவக்கு துவக்குத்தான். கண்ணாடியை மட்டும் கழட்டிக் குடுங்கோ."

சண்டைக் காலத்தில் ஒரு நாள் அந்தக் கந்தோருக்குள் துவக்கோடு ஆட்கள் வந்து போனதை அவர் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. டொக்டர் மறுபேச்சில்லாமல் வாகனத்தில் இருந்தபடியே ஸ்கோப்பைக் கழற்றித் தந்தார். சான்றிதழில் 'சோதனை முறை' என்று ஒரு வரி உண்டு. அதில் சேர் சொன்னபடியே எழுதினேன்: "துவக்கின்றி, ஸ்கோப் தனியாக."

அந்த ஸ்கோப்பில் இரண்டு குமிழ்கள். மேலே உள்ளது ஏற்ற இறக்கத்துக்கு, பக்கத்தில் உள்ளது இடம் வலத்துக்கு. திருப்பினால் கிளிக், கிளிக் என்று பல் பல்லாக நகரும். ஒரு கிளிக்குக்கு நூறு மீற்றர் தூரத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்று பெட்டிக்குள் இருந்த தாள் சொன்னது. தாள் சொல்வதை நம்புவதென்றால் கருவி அறைக்கு நான் எதற்கு?

கந்தோரின் பின்வளவில் கருவிகளைச் சோதிக்கவென்றே கட்டிய சீமெந்துத் தூண் ஒன்று இருந்தது. அதன் மேல் ஸ்கோப்பை இரும்புப் பிடிக்குள் அசையாமல் இறுக்கினேன். அங்கிருந்து உருக்கு நாடாவால் நூறு மீற்றர். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். அந்த முனையில் சென்ரிமீற்றர் கோடு போட்ட உயரமான அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நூர்தீன் நானா. தாராபுரத்துக்காரர். என்னுடைய சேவைக்காலத்தில் பாதிக்கு மேல் நான் இந்த முனை, அவர் அந்த முனை. விடிந்து எட்டு மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு மன்னார்த் தரை கொதித்து, அளவுகோல் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கிவிடும். சோளகக் காற்று வேறு. நான் கத்தினால் அவருக்குக் கேளாது, அவருடைய இடுப்புச் சாரம் படபடக்கிற சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கும். ஆகவே எங்கள் பேச்செல்லாம் கையால்தான். வலக்கையை நீட்டினால் வலப்பக்கம் நகர வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தால், நில், எல்லாவற்றையும் நிறுத்து, ஏதோ பிழை.

குறுக்குக் கம்பியை நூற்றைம்பதாவது சென்ரிமீற்றரில் வைத்தேன். 'மேல்' என்று காட்டிய அம்புக்குறிப் பக்கமாக நாற்பது கிளிக். எண்ணி எண்ணித் திருப்பினேன். கம்பி நூற்றுப்பத்தில் நின்றது. சரியாக நாற்பது சென்ரிமீற்றர். திரும்ப நாற்பது. நூற்றைம்பதுக்கு அரைச் சென்ரிமீற்றர் பிந்தி நின்றது. திருகாணிகளுக்கு இந்தச் சோம்பல் உண்டு. இரண்டு கிளிக் கூடப் போய், இரண்டு கிளிக் திரும்பி வந்தால் கம்பி அச்சொட்டாக நூற்றைம்பதில் வந்து உட்கார்ந்தது. பிறகு அளவுகோலை இரண்டு கதிரைகளில் படுக்க வைத்து இடம் வலம். பிறகு மேலே நாற்பது, வலம் நாற்பது, கீழே நாற்பது, இடம் நாற்பது என்று ஒரு சதுரம் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. ஐந்து தரம் சுற்றினேன், ஐந்து தரமும் வந்தது. துவக்கு உதைக்குமே என்று திருகாணிப் பிடியால் பத்துத் தட்டுத் தட்டிவிட்டு ஆறாம் தரமும் சுற்றினேன். அப்போதும் வந்தது.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. 'மேல்' என்று திருப்பினால் கம்பி அளவுகோலில் கீழே இறங்குகிறது. 'வலம்' என்று திருப்பினால் இடப்பக்கம் போகிறது. அம்புக்குறிகள் தலைகீழ்! கடல் கடந்து வந்த ஸ்கோப்பில் அதைச் செய்தவன் விட்ட பிழையை மன்னாரில் ஒரு பொம்பிளை பிடித்துவிட்டாள் என்று எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சமில்லை. சான்றிதழில் தடித்த எழுத்தில் எழுதினேன்: "அளவு சரி. திரும்பி வருதல் சரி. அம்புக்குறிகள் தலைகீழாக உள்ளன. உயர்த்துவதற்கு அம்புக்குறிக்கு எதிராகத் திருப்பவும்."

சேர் வாசித்தார். "திரும்பப் பாருங்கோ" என்றார்.

அடுத்த நாள் காலை திரும்பப் பார்த்தேன். அதே மாதிரித்தான் கம்பி இறங்கியது. பத்து நாள் பார்த்திருந்தாலும் இறங்கித்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன்.

இனிக் கழுதை. என் வீட்டு வாசல் படலையடியில் ஒரு பெட்டைக் கழுதை இருந்தது. இடது காது கிழிந்தது. நான் அதை மகாராணி என்பேன், மரியாதையால் அல்ல. ஆறு வருடப் பகை. என் செவ்வரத்தை மரத்தை மொட்டையடித்தது, கொடியில் காய்ந்த சட்டையைச் சப்பியது, பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை போகிற நேரம் பார்த்து நடு வீதியில் நின்று கத்தியது. விரட்டினால் பெருமூச்சு விட்டுவிட்டு என்னையே பார்க்கும். அந்த வருடம் அதற்கு ஒரு குட்டியும் பிறந்து, தின்கிற வாய் இரண்டாயிற்று.

ஸ்கோப்பைக் கொடுத்துப் பத்து நாளிருக்கும். இரண்டு நாள் காலையில் மகாராணியைக் காணவில்லை. செவ்வரத்தை பூத்திருந்தது. அதில் ஒன்றைப் பறித்து மாதா படத்துக்கு வைத்துவிட்டு, நல்ல மனதோடு கந்தோருக்குப் போனேன். ஒன்பது மணிக்கு டொக்டர் ஃபோன் எடுத்தார்.

"அன்ரி, தாராபுரம் வெளியில ஒரு கழுதை. யாரோ மேற்பக்கம் வெட்டி எறிஞ்ச பிளாஸ்ரிக் தண்ணிக் கானுக்குள்ள தலையை விட்டிட்டுது. பிடி தாடைக்குப் பின்னால இறுகியிட்டுது. ரெண்டு நாளாத் தண்ணியும் இல்லை, தீனும் இல்லை. ஆக்கள் கத்திக்கொண்டு போய்ப் பிடிக்கப் பாத்து ரெண்டு தரம் ஓடி விழுந்திட்டுது. இந்த வெயிலுக்குப் பின்னேரம் வரைக்கும் தாங்காது. மயக்கித்தான் எடுக்க வேணும். மருந்து ஒரு தரத்துக்குத்தான் இருக்கு."

"எந்தக் கழுதை?" என்று கேட்டேன்.

"இடது காது கிழிஞ்சிருக்கு. குட்டியும் பக்கத்தில நிக்குது."

காலையில் அந்தப் பூவைப் பறித்த சந்தோசத்தை நினைக்க வெட்கமாக இருந்தது.

"பிறகேன் நிக்கிறீங்கள்? போய் அடியுங்கோ!"

"அதுதான் அன்ரி. மருந்தில்லாத வெறும் ஊசி ரெண்டு வைச்சிருந்தனான், எங்கட மிருக வைத்தியக் கந்தோர் வளவுக்குள்ள சாக்கைக் கட்டி அடிச்சுப் பாத்தனான். முப்பது மீற்றரில முதல் ஊசி நாலு விரல் கீழ பணியப் பட்டுது. நீங்கள் எழுதினபடி அம்புக்குறிக்கு எதிரா முப்பது கிளிக் திருப்பினன். ரெண்டாவது இன்னும் பணிஞ்சு, சாக்குக்குக் கீழால போய் நூர்தீன் நானாவின்ட சைக்கிள் ரயரில குத்தியிட்டுது."

நூர்தீன் நானா அங்கே எதற்கு என்று கேட்காதீர்கள். குறி என்று ஒன்றை யாராவது நட்டால் அதன் பக்கத்தில் போய் நிற்காமல் அவரால் இருக்க முடியாது.

இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். டொக்டர் சொன்னதை ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என் கையெழுத்தையும் முத்திரையையும் ஒரு சைக்கிள் ரயர் பொய்யாக்குவதா?

"முதல் கொஞ்சக் கிளிக்குத் திருகாணியின்ட தளர்வில போயிருக்கும். இன்னும் அறுபது அதே பக்கம் திருப்புங்கோ. நான் எழுதினது எழுதினதுதான்" என்றேன்.

"ஓம் அன்ரி. நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார் அந்தப் பிள்ளை. அந்த வார்த்தை இன்றைக்கும் குத்துகிறது.

அரை மணி கழித்து நூர்தீன் நானா காற்றுப் போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கந்தோருக்கு வந்தார். மன்னார்க் காற்றை விடப் பலமாக வந்தார்.

"தங்கச்சி, உங்கட சேர்ட்டிபிக்கட் என்ட ரயருக்குள்ள குத்திக்கொண்டு நிக்குது!"

"துவக்கு வளைஞ்சிருக்கும் நானா. ஸ்கோப்பை நாங்கள் ரெண்டு பேரும்தானே பாத்தனாங்கள்?"

"நீங்க பாத்தனீங்க. நான் எங்க பாத்தனான்? நான் மற்றப் பக்கத்தில நிண்டனான். இவ்வளவு காலமா உங்கட கண்ணாடிக்கு முன்னால நிக்கிறன், அதுக்குள்ளால ஒரு நாளும் ஒண்டும் வந்து என்னைக் குத்தினதில்ல. இண்டைக்கு வந்த ஊசியும் கண்ணாடியால வரயில்ல, தங்கச்சி. கீழ இருக்கிற குழலாலதான் வந்தது!"

கீழே இருக்கிற குழல். அதை நான் யோசிக்கவேயில்லை.

எங்கள் தொழிலில் பார்வைதான் எல்லாம். பார்வைக் கோடு எங்கே விழுகிறதோ அதுதான் அளவு. அதற்குக் கீழே எதுவும் பறப்பதில்லை. மூலையில் நின்ற, கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தேன். அதுதான் துவக்கின் குழல். அதன் மேல் ஓர் அடிமட்டத்தை நூலால் கட்டினேன். அதுதான் ஸ்கோப்பின் பார்வை. இரண்டையும் யன்னலுக்கு வெளியே நின்ற தென்னையின் குலைக்கு நேரே பிடித்தேன். இப்போது குமிழை 'மேல்' என்று திருப்புவது போல அடிமட்டத்தின் முனையை மட்டும் சற்றுக் கீழே சரித்தேன். கம்பி இறங்கியது போல, அது தென்னையின் அடியைப் பார்த்தது. திரும்பக் குலையைப் பார்க்க வைப்பதற்கு முழுவதையும் நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தினேன். அடிமட்டம் குலைக்கு வந்தது. தும்புத்தடி வானத்தைப் பார்த்தது.

கம்பி இறங்கினால்தான் குழல் ஏறும். அம்புக்குறி சரி. எழுதியவள்தான் தலைகீழ். நான் எழுதியபடி திருப்பத் திருப்ப ஊசி மண்ணுக்குள்தான் போகும். இருக்கிற ஒரே மருந்தும் அதோடு போய்விடும்.

டொக்டருக்கு ஃபோன் எடுத்தேன். மணியடித்தால் கழுதை வெருளும் என்று அதை நிறுத்தி வைத்திருந்தார். சேருடைய அறைக்கு ஓடினேன். கையில் இன்னும் தும்புத்தடி. மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தும்புத்தடியைப் பார்த்தார், அடிமட்டத்தைப் பார்த்தார்.

"திரும்பப் பாத்தீங்களோ?"

"பாத்திட்டன் சேர். என்ட பிழை."

"அப்ப ஏன் இங்க நிக்கிறீங்கள்?"

ஓட்டோவில் தாராபுரம் போனோம். பழக்க தோசத்தில் நூர்தீன் நானா அளவுகோலையும் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தார். அது பக்கத்தால் நீட்டிக்கொண்டு வந்தது. வழியெல்லாம் மடு மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டு போனேன். கழுதைக்காக மாதாவிடம் நேர்ந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மகாராணி வெளியின் நடுவில் நின்றது. முகத்தில் வெள்ளைக் கான். தலை தொங்கி, முன்கால் நடுங்கியது. குட்டி அந்தக் கானை மூக்கால் முட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் நின்ற வீதி கழுதைக்கு இந்தப் பக்கம். டொக்டர் அந்தப் பக்கம், ஓர் உடைமரத்தின் கீழே குப்புறப் படுத்து, துவக்கைத் தோளில் வைத்துவிட்டார். சுற்றிப் போக நேரமில்லை. கத்தினால் காற்று எங்கள் சத்தத்தைத் தின்றுவிடும், தின்னாத மிச்சத்துக்குக் கழுதை ஓடும்.

"நானா, அவர் கண்ணாடிக்குள்ளதான் பாக்கிறார்" என்றேன்.

நூர்தீன் நானாவுக்கு மேலே ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. அளவுகோலைத் தோளில் வைத்துக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி, கழுதைக்குப் பின்னால் தூரத்தில் மெல்ல நடந்து போனார். டொக்டருடைய பார்வைக்கு நேரே வந்ததும் அளவுகோலை நிமிர்த்தி நட்டு, முழங்காலால் அணைத்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தார். பின்னால் நிற்கும் மனிதனை நோக்கி எந்த டொக்டர் ஊசி எறிவார்? துவக்கு கீழே இறங்கியது.

"கழுதையின்ட முதுகுக்கு மேல ஓர் அளவுகோல் முளைச்சுது அன்ரி. வெயிலில எனக்குத்தான் ஏதோ எண்டு நினைச்சன்" என்று பிறகு சொன்னார்.

நான் உடைமுள்ளுக்குள் சேலையைக் கிழித்துக்கொண்டு சுற்றிப் போய் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"தம்பி, நான் எழுதினது பிழை. அம்புக்குறி சரி. எத்தினை கிளிக் திருப்பினீங்கள்?"

"முதல் முப்பது. பிறகு அறுபது."

தொண்ணூறு திரும்பி வர வேண்டும். தொடக்கத்தில் நாலு விரல் பணிந்ததற்கு முப்பது மேலே போக வேண்டும். முப்பது மீற்றரில் ஒரு கிளிக் மூன்று மில்லிமீற்றர். எல்லாமாக நூற்றிருபது. குமிழைப் பிடித்தேன். வாய்க்குள் எண்ணினேன். நூற்றிருபத்திரண்டு போய், இரண்டு திரும்பி வந்தேன்.

"அடிச்சுப் பாக்க வேற ஊசி இல்லை அன்ரி. இது சரியோ?" என்றார்.

கேட்டதில் குற்றமில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் என்னை நம்பிக் கெட்டவர்.

"திசையில நான் பிழை, தம்பி. அளவில நான் பிழையில்லை. ஆறு தரம் சுற்றிப் பாத்தது. வைச்ச இடத்துக்கே வரும்."

நூர்தீன் நானா விலகினார். டொக்டர் மூச்சைப் பிடித்தார். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். பின்தொடையின் சதையில், டொக்டர் குறி வைத்த இடத்தில், ஊசியின் சிவப்புக் குஞ்சம் ஆடியது. மகாராணி ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு, கானுக்குள் இருந்தபடியே எங்கள் பக்கம் திரும்பியது. சத்தியமாக என்னைத்தான் பார்த்தது. பிறகு கால் தளர்ந்து, மெதுவாகப் படுத்தது.

கானை வெட்டி எடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. தாடையில் பிடி அறுத்த புண். டொக்டர் மருந்து போட்டு, எழுப்புகிற ஊசியும் போட்டார். எழும்பித் தள்ளாடி நின்றதும் அகலமான பேசின் ஒன்றில் தண்ணீர் வைத்தோம். அது குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் பேசினும் முடிந்தது. நான் அழுதேன். நூர்தீன் நானா பார்க்காத மாதிரி அளவுகோலைத் துடைத்தார்.

அடுத்த நாள் கந்தோரில் வைத்திருந்த சான்றிதழ்ப் பிரதியை எடுத்தேன். "அம்புக்குறிகள் தலைகீழாக உள்ளன" என்பதில் தொடங்கி அடுத்த வசனம் முடியும் மட்டும் ஒரே கோடு. அதற்கு மேலே எழுதினேன்: "அம்புக்குறிகள் சரி. பார்த்தவர் தலைகீழ்." பக்கத்தில் என் முதலெழுத்துகள். சேரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

நெடுநேரம் வாசித்தார். நான் 'திரும்பப் பாருங்கோ'வுக்குத் தயாராக நின்றேன். அவர் பேனையை எடுத்தார். 'சோதனை முறை: துவக்கின்றி, ஸ்கோப் தனியாக' என்று நான் எழுதியிருந்த வரியின் மேல், அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டார். அதன் பக்கத்தில் 'ம.ச.' என்று எழுதினார்.

"சேர், அது என்ட பிழை..."

"குழலோட பாத்திருந்தால் நீங்கள் இதை விட்டிருக்க மாட்டீங்கள். துவக்கு உள்ள வராது எண்டது நான்." தாளை என்னிடம் தள்ளினார். "ஆனா இனியும் வராது. அடுத்த தரம் நீங்கள் வெளிய போய்ப் பாருங்கோ."

சந்தியாப்பிள்ளை சேர் போன வருடம் காலமானார். அடக்கத்துக்கு வந்தவர்கள், அவர் பிழையே விடாத மனிதர் என்று ஒருவர் மாறி ஒருவர் சொன்னார்கள். அவர் போட்ட ஒரே கோடு என் வீட்டு அலுமாரியில் இருந்தது. மகாராணி இன்னும் இருக்கிறாள். தாடையில் தழும்பு. செவ்வரத்தையில் பூ வைக்க விடுவதில்லை. நான் இப்போதும் விரட்டுகிறேன், ஆனால் தின்று முடித்த பிறகுதான்.

மலர்க்குழுப் பிள்ளைகளே, கீழே இருந்தது மை பட்ட அடையாளம் இல்லை. அந்தப் படத்தைத் திரும்பப் பாருங்கோ.